படிக்க வரும் முன்னாள் படைவீரர்: பாடத்தை நீக்கும் முன் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?

நூலிழை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சமூகக் கல்லூரியில் அகடமிக் அட்வைசராக இருக்கிறேன். யார் எந்தப் பாடம் எடுப்பது, எதை விடுவது, எப்போது பட்டம் முடியும் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. இந்த ஆண்டிலிருந்து ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வருகிறவர்களும் என் பட்டியலில் வந்திருக்கிறார்கள். அதற்கென்று எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரு மணி நேரம்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். முப்பதுக்குள் வயது இருக்கும். பன்னிரண்டு கிரெடிட், அதாவது நான்கு பாடம், எடுத்திருந்தார். "புள்ளியியல் வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றார். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, விதியில் தடை இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். விஏ, அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறை, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் படித்துவிட்டு விழித்தேன். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த வகுப்புக்கும் வரவில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? இப்போது என்ன செய்யலாம்?

---

சான்றுத்தாள் எழுதியது:

நான் வேறொரு கல்லூரியில் எஸ்சிஓ. விஏவுக்கு "இந்த மாணவர் இத்தனை கிரெடிட் படிக்கிறார்" என்று சான்று அனுப்புகிற ஆள். உங்கள் கல்லூரியிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள், இன்றைக்கே.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். போஸ்ட் 9/11 ஜிஐ பில்லில், அதாவது முன்னாள் வீரர்களுக்கான கல்வி உதவித் திட்டத்தில், படிக்கிறவருக்கு கல்விக் கட்டணம் தனியாகக் கல்லூரிக்கு வரும். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை அவர் கணக்குக்குப் போகும். அந்தத் தொகை அவர் எத்தனை கிரெடிட் எடுக்கிறார் என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு கிரெடிட் முழுநேரம் என்றால், ஒன்பது கிரெடிட் 75 சதவீதம். அதைப் பக்கத்துப் பத்துக்குக் கொண்டுபோய் 80 என்று வைப்பார்கள். வாடகைப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஏழு கிரெடிட் என்றால் 60. ஆறுக்கு இறங்கினால் பாதி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. பாதிக்கு மேல் படித்தால்தான் வீட்டுத் தொகையே உண்டு. ஆறில் அது பூஜ்யம். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு மனிதனின் வீடு இருக்கிறது.

அடுத்தது கடன். பாதியில் ஒரு பாடத்தை விட்டு, அதற்கு விஏ ஏற்றுக்கொள்ளும் காரணம் காட்டாவிட்டால், அந்தப் பாடத்துக்காகக் கொடுத்ததை முதல் நாளிலிருந்து திரும்பக் கேட்பார்கள். முதல் தடவைக்கு ஒரு சலுகை உண்டு. ஆறு கிரெடிட் வரை காரணம் கேட்காமல் விட்டுவிடுவார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரே முறை. முதல் தடவை மூன்று கிரெடிட்டை விட்டால் மீதி மூன்று கைக்கு வராது, அதோடு முடிந்தது. முதல் நாளிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் மாணவர் அந்தச் சலுகையை முன்பே செலவழித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. சரிபாருங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. உடல்நலம், மனநலம், வீட்டில் சாவு, தவிர்க்க முடியாத வேலை மாற்றம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போவது, திடீர்ப் பணி அழைப்பு எல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். இதை இப்போதுகூட ஆதாரத்தோடு அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் அவர் கடைசியாக வகுப்புக்கு வந்த நாள் வரை கொடுத்த பணத்தைக் கேட்கமாட்டார்கள். கடன் கடிதத்துக்கு 30 நாளுக்குள் எதிர்ப்போ விலக்கு விண்ணப்பமோ அனுப்பிவிட்டால், அடுத்த மாதத் தொகையில் பிடிக்கத் தொடங்குவதை நிறுத்திவைக்கலாம். அந்த 30 நாளில் எவ்வளவு போய்விட்டது என்று பாருங்கள்.

---

நூலிழை எழுதியது:

மிக்க நன்றி. கோப்பைப் பார்த்தேன். போன வசந்த செமஸ்டரிலும் ஒரு பாடத்தை விட்டிருக்கிறார், அதுவும் மூன்று கிரெடிட். நீங்கள் சொன்னது சரிதான். கடிதத்தின் தேதியிலிருந்து இன்று பதினேழாவது நாள். நாளைக் காலை எங்கள் எஸ்சிஓவைப் பார்க்கிறேன்.

வீட்டுத் தொகை கிரெடிட்டோடு கட்டப்பட்டிருப்பது எனக்குத் தெரியாது. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

---

மணல்மூட்டை எழுதியது:

தோழி, நான் அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறேன். மாணவர் விசாவில் இங்கே வந்தவன். 2014ல் மாவ்னி என்ற திட்டத்தில் சேர்ந்தேன். பச்சை அட்டை இல்லாவிட்டாலும் சில மொழிகள் தெரிந்திருந்தால் அமெரிக்க ராணுவத்தில் சேரலாம் என்று அப்போது ஒரு வழி இருந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. 2016ல் அந்த வாசலை மூடிவிட்டார்கள். என் தாய்மொழி எனக்கு வாங்கித் தந்த இடம் அது. நான்கு ஆண்டு இருந்தேன், சரக்கு வழங்கும் பிரிவில்.

"பரவாயில்லை மேடம்" என்று அவர் சொன்னாரே, அதை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. "இது என் பாரம், உங்கள் மேல் வைக்க மாட்டேன்" என்று அர்த்தம். அங்கே நமக்குச் சொல்லித்தருவது அதுதான். பக்கத்தில் இருப்பவன் விழுந்தால் தூக்க வேண்டும், நாம் விழுந்தால் சத்தம் போடக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. ராணுவத்தில் காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த உடை, எங்கே நிற்க வேண்டும் என்பது வரை ஒருவர் சொல்லிவிடுவார். கல்லூரியில் முதல் வாரம் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தாளில் எல்லாம் இருக்கிறது, படித்துக்கொள் என்றார்கள். ஆசிரியர் "சந்தேகம் இருந்தால் என் அறைக்கு வா" என்றபோது நான் போகவே இல்லை. மேலதிகாரி அறைக்கு நம்மை அழைத்தால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது ஒரு விதம்தான். அது உதவிக்கான அழைப்பு என்று புரிய ஒரு செமஸ்டர் ஆயிற்று.

நான் பட்ட ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். ராணுவத்தில் எடுத்த பயிற்சிகளுக்கு ஜேஎஸ்டி என்று ஒரு மதிப்பெண் சான்று உண்டு. எந்தப் பயிற்சிக்கு எத்தனை கல்லூரி கிரெடிட் தரலாம் என்ற பரிந்துரையும் அதிலேயே இருக்கும். விமானப்படைக்காரர்களுக்கு அது வேறு, அவர்களுக்கென்று தனியாக ஒரு சமூகக் கல்லூரியே இருக்கிறது. என் ஜேஎஸ்டியை முதல் செமஸ்டரில் யாரும் திறந்து பார்க்கவில்லை. மூன்றாவது செமஸ்டரில்தான் பார்த்தார்கள். அடிப்படைப் பயிற்சியில் ஓடின ஓட்டத்துக்கு உடற்கல்வி கிரெடிட் ஏற்கெனவே எனக்கு இருந்திருக்கிறது. அதே உடற்கல்வியை நான் இரண்டாம் செமஸ்டரில் உட்கார்ந்து படித்துவிட்டேன். மொத்த உதவியே 36 மாதம். அதில் சில வாரங்கள் ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றுக்காகக் கரைந்தது.

அதனால் முதல் சந்திப்பிலேயே ஜேஎஸ்டியைக் கேளுங்கள். "கிரெடிட் கொடுத்தோம்" என்று எல்லாவற்றையும் விருப்பப் பாடத்தில் கொட்டாதீர்கள். பட்டத்துக்குத் தேவையான எந்த இடத்தில் அது உட்காரும் என்று துறைத் தலைவரோடு சண்டை போட்டாவது பாருங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டாகக் கணிதம் நடத்துகிறேன். முன்னாள் படைவீரர்கள் என் வகுப்பில் நிறைய வந்திருக்கிறார்கள், சிறந்த மாணவர்களில் சிலர் அவர்கள்தான். நேரத்துக்கு வருவார்கள், செய்த பிழையை ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பேச்சு போகிற போக்கில் ஒவ்வொரு முன்னாள் வீரரையும் நோயாளியாகப் பார்க்கும் இடத்தில் முடிகிறது. 1944ல் ஜிஐ பில் வந்தபோது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸ், ஹார்வர்டின் ஜேம்ஸ் கானன்ட் போன்ற பல்கலைக்கழகத் தலைவர்களே கல்லூரித் தரம் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். நடந்தது என்ன? 1947ல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். மொத்தத்தில் இருபத்திரண்டு லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள், நன்றாகவும் படித்தார்கள். பாடத்தை விட வேண்டும் என்று வளர்ந்த ஒரு மனிதர் கேட்டால் அவரைக் குறுக்கு விசாரணை செய்வது மரியாதையா?

---

அமைதிப்பொழுது எழுதியது:

நான் கல்லூரி மனநல ஆலோசகர். கரும்பலகை ஐயாவின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். பெரும்பாலான முன்னாள் வீரர்களுக்குப் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், இல்லை. எல்லாரும் போர்க்களத்தைப் பார்த்தவர்களும் இல்லை. பார்த்தவர்களிடம் "யாரையாவது கொன்றாயா" என்று கேட்கும் சக மாணவர்கள் உண்டு. ஆசிரியரே கேட்டதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய காயம் கல்லூரி தர முடியாது.

ஆனால் நல உதவி என்றால் உடனே நோய் என்று ஏன் எடுக்க வேண்டும்? என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான். படைப்பணியால் வந்தது என்று விஏ அங்கீகரிக்கும் உடல், மனக் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது எது தெரியுமா? காதுக்குள் ஓயாத ரீங்காரம். அமைதியான தேர்வறையில் அது கூடுதலாகக் கேட்கும். நாம் உதவி என்று நினைத்து அமைதியான தனி அறை கொடுப்போம், அவருக்கு அதுவே தொல்லை. ஒரு மின்விசிறியின் சத்தம் இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு மாணவருக்குக் காது மந்தம், ஆகவே முன்வரிசையில் உட்கார வேண்டும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அவரால் கவனிக்க முடியாது, சுவரோடு உட்கார வேண்டும். இரண்டும் ஒரே மனிதருக்கு. கடைசியில் முன்வரிசையில் பக்கச் சுவரை ஒட்டி, கதவு தெரிகிற நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியை அவருக்கென்று வைத்திருக்க ஆசிரியருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போதுமானதாக இருந்தது.

தலையில் அடிபட்டவர்களுக்கு, குண்டுவெடிப்பு அதிர்ச்சியில் சிக்கியவர்களுக்கு, மறதியும் தலைவலியும் இருக்கும். தூக்கம் பலருக்கும் கெட்டிருக்கும். இரவு மூன்று மணிக்குத் தூங்குகிறவருக்குக் காலை எட்டு மணிக்குப் புள்ளியியல் போட்டால் என்ன ஆகும்? அங்கே அட்வைசரின் வேலையும் என் வேலையும் ஒன்றுதான்.

கூடுதல் நேரம், ஒலிப்பதிவு, குறிப்பெடுக்க ஆள் இதெல்லாம் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி குறைபாடு உள்ள எந்த மாணவருக்கும் கிடைப்பது. ஆனால் அந்த அலுவலகப் பெயரைக் கேட்டாலே வீரர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். "எனக்கு என்ன, கால் கையெல்லாம் இருக்கிறதே, உண்மையாகத் தேவைப்படுகிறவனுக்குப் போகட்டும்" என்பார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. "உங்களுக்கு ஏற்ற மாதிரி தேர்வை அமைத்துத் தரும் ஒருவர் இருக்கிறார், வாங்க நானும் வருகிறேன்" என்று கூடவே நடந்து போவேன். ஒரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது சட்டைப் பையிலேயே கிடக்கும்.

கல்லூரிக்கு வெளியே வெட் சென்டர் என்று நாடு முழுவதும் ஏறக்குறைய முந்நூறு மனநல ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. போருக்குப் போனவர்களுக்காக ஆரம்பித்தது. 2022ல் வந்த சட்டத்துக்குப் பிறகு விஏ கல்வி உதவியில் படிக்கிறவர்களும் போகலாம். கட்டணம் இல்லை. அங்கே பேசுவது விஏ மருத்துவமனைக் கோப்பில் ஏறாது. "எழுதி வைத்துவிடுவார்களோ, நாளை வேலைக்கு ஆபத்தோ" என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நூலிழை, உங்கள் மாணவர் வகுப்புக்கு வருவதை அடியோடு நிறுத்தியிருக்கிறார், தொடர்பும் இல்லை. மின்னஞ்சலோடு விடாதீர்கள். தொலைபேசியில் கூப்பிடுங்கள். கல்லூரியில் மாணவர் நலக் குழு இருந்தால் இன்றே சொல்லுங்கள். பேசும்போது உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. 988க்கு அழைத்து 1 அழுத்தினால் வீரர்களுக்கான நெருக்கடி உதவி இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். 838255க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

---

வடக்குவாசல் எழுதியது:

என் கணவர் மரீன் படையில் இருந்தார். இப்போது படிக்கிறார். வீட்டுக் கணக்கு என் கையில்.

அட்வைசர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வீட்டுத் தொகை வராது. முன்பு வந்தது, 2011ல் நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் நடுவில் தேர்வு முடிந்தால் அந்த மாதத்துக்குப் பாதிதான். ஜனவரியில் மூன்றாவது வாரம் வகுப்பு தொடங்கினால் மீதி நாட்களுக்கு மட்டும்தான், அதுவும் பிப்ரவரி தொடக்கத்தில் வந்து சேரும். வாடகை மட்டும் முழு மாதத்துக்கும் உண்டு. முதல் ஆண்டு இது எங்களுக்குத் தெரியாது. அந்த ஜனவரியில் அவர் இரவு வேலைக்குப் போனார், பிப்ரவரியிலும் விட முடியவில்லை, மார்ச்சில் இரண்டு பாடத்தில் தோற்றார். கோப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "படிப்பில் ஆர்வம் குறைந்துள்ளது."

இன்னொன்று. ஒரு அட்வைசர் நல்ல மனதோடுதான் சொன்னார், "உங்களுக்குக் கூட்டம் ஒத்துவராது போலிருக்கிறது, எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுங்களேன்" என்று. நல்லவேளை நான் விசாரித்தேன். முழுக்க ஆன்லைன் என்றால் நாட்டுச் சராசரித் தொகையில் பாதிதான் வரும். ஒரே ஒரு பாடத்தை நேரில் போய் உட்கார்ந்து படித்தால் கல்லூரி இருக்கும் ஊரின் கணக்குப்படி தொகை. இப்போது செவ்வாய், வியாழன் மட்டும் போகிறார். சின்ன வகுப்பு, பதினெட்டுப் பேர். அவர் நலத்துக்கும் அதுதான் நல்லது என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இன்னும் ஒடுங்கியிருப்பார்.

மாதாமாதம் "இன்னும் படிக்கிறேன்" என்று விஏ அனுப்பும் குறுஞ்செய்திக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் விட்டால் பணம் நின்றுவிடும். மனம் சோர்ந்து கிடப்பவர் முதலில் விடுவது இப்படிப்பட்ட சின்ன வேலைகளைத்தான்.

---

ஆழிமுத்து எழுதியது:

நான் கடற்படையில் ஆறு ஆண்டு இருந்த பெண். கல்லூரியின் வீரர் அறைக்கு முதல் நாள் போனபோது வாசலில் இருந்தவர் "உங்கள் கணவர் எந்தப் பிரிவு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு வருடம் போகவில்லை.

நாட்டின் முன்னாள் வீரர்களில் பத்தில் ஒருவர் பெண். "நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்களா" என்று படிவத்தில் மட்டும் வைக்காதீர்கள், எல்லாரிடமும் வாயால் கேளுங்கள். நாங்கள் பலர் அந்தக் கட்டத்தில் குறி போடுவதில்லை.

பணியில் இருந்தபோது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, அது தொடர்பான சிகிச்சையை விஏ இலவசமாகத் தருகிறது. அப்போது புகார் செய்திருக்க வேண்டியதில்லை, ஆதாரமும் கேட்பதில்லை. இந்த இரண்டு வரியை உங்கள் அலுவலகத்துக் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் படிக்க முடிய வேண்டும்.

---

மணல்மூட்டை எழுதியது:

கரும்பலகை ஐயா, 1947 பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். அவர்கள் நன்றாகப் படித்தார்கள் என்பது சரி. ஆனால் நீங்களே சொன்னீர்கள், சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள். இடது பக்கம் திரும்பினால் ஒருவர், வலது பக்கம் திரும்பினால் ஒருவர். இரவு தூங்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. என் வகுப்பில் முப்பது பேர். நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் பத்தொன்பது வயது.

கறுப்பின வீரர்களில் பலருக்கு அன்று பெரும்பாலான கல்லூரிக் கதவுகள் திறக்கவே இல்லை. அந்தக் கதையும் அதே 1947ல் இருக்கிறது.

எனக்கு உதவியது மருத்துவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது செமஸ்டரில் எங்கள் கல்லூரி, இரண்டு ஆண்டு மூத்த ஒரு முன்னாள் வீரரை என்னோடு சேர்த்துவிட்டது. வாரம் ஒருமுறை பேசினோம், பெரும்பாலும் தேர்வு, பார்க்கிங், ஆசிரியர் யார் எப்படி என்றுதான். ஒருநாள் அவராகவே "நீ தூங்குகிறாயா?" என்று கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். கல்லூரிகள் அந்த முப்பது பேரில் ஒருவனுக்கு இன்னொருவனைத் தேடித் தர வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான்.

---

கரும்பலகை எழுதியது:

சரி, அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. நோயாளியாகப் பார்க்கக் கூடாது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் வாடகைக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு "இதை விட்டால் மாதம் இவ்வளவு குறையும், தெரியுமா?" என்று கேட்பது குறுக்கு விசாரணை இல்லை. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவமரியாதை. என் பாடத்திட்டத்தாளிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: ஜிஐ பில்லில் படிப்பவர்கள் பாடத்தை விடும் முன் எஸ்சிஓவைப் பார்க்கவும்.

---

பனைநிழல் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் தங்கை மகன் ரிசர்வில், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் படையில், இருக்கிறான், செமஸ்டர் நடுவில் பணிக்கு அழைத்துவிட்டார்கள். படிப்பு என்ன ஆகும்?

---

சான்றுத்தாள் எழுதியது:

ஆணைக் கடிதத்தின் நகலை உடனே எஸ்சிஓவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பணி அழைப்பு ஏற்கப்படும் காரணம், கடன் விழாது. திரும்பி வரும்போது அதே நிலையில் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டரசு விதியே இருக்கிறது, பணிக்காலம் மொத்தம் ஐந்தாண்டைத் தாண்டாத வரை. போகும் முன் கல்லூரிக்குத் தெரிவித்துவிட்டுப் போவது நல்லது.

நூலிழை, உங்களுக்கு இன்னொரு விஷயம். உங்கள் மாணவருக்கு விஏ குறைபாட்டு மதிப்பீடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், சாப்டர் 31 என்ற வேறொரு உதவி இருக்கிறது. குறைபாட்டால் வேலைக்குப் போவது தடைபடுகிறது என்று விஏ ஆலோசகர் கண்டால் அதில் சேரலாம். கட்டணம், புத்தகம், தேவையான கருவிகள் எல்லாம் அதில் வரும், ஒரு ஆலோசகரும் பட்டம் முடியும் வரை கூடவே இருப்பார். பலர் ஜிஐ பில்லை முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் இதைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

பட்டத்துக்குக் கணக்கில் வராத பாடத்துக்கு விஏ பணம் தராது என்பதையும் மறக்காதீர்கள். எண்ணிக்கை நிரப்ப ஒரு சுலபமான பாடம் போட்டுக் கொடுப்போமே, அது கடைசி செமஸ்டரில் மட்டும்தான் செல்லும்.

---

நூலிழை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் எங்கள் கல்லூரியில் படிக்கும் இன்னொரு முன்னாள் வீரரிடம், விவரம் எதுவும் சொல்லாமல், அவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். தெரியும் என்றார். மாலையில் என் மாணவரே திரும்ப அழைத்தார். அமைதிப்பொழுது சொன்னபடி நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சாக வேண்டும் என்று இல்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை என்றார். 988ஐயும் 1ஐயும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மறுநாள் வந்தார். புள்ளியியலை ஏன் விட்டார் என்று அப்போதுதான் கேட்டேன். வகுப்பு வெள்ளிக்கிழமை காலை. விஏ மருத்துவமனையில் அவருடைய சிகிச்சையும் வெள்ளிக்கிழமை காலை. இரண்டில் ஒன்றை விட வேண்டும், அவர் சரியானதைத்தான் விட்டிருக்கிறார். நான் கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமைப் பிரிவில் அன்றைக்கு நான்கு இடம் காலியாக இருந்தது. பதிவேட்டைத் திரும்பப் பார்த்துச் சொல்கிறேன்.

எங்கள் எஸ்சிஓ அன்று மதியமே உட்கார்ந்து கடிதம் எழுத உதவினார். சிகிச்சைத் தேதிகளுக்கான சான்றை மருத்துவமனை கொடுத்தது. இருபத்திரண்டாம் நாள் அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை. மற்ற மூன்று பாடத்தில் இரண்டு ஆசிரியர்கள் விட்டுப்போன வேலைகளைச் செய்ய நேரம் கொடுத்தார்கள். ஒருவர் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தை என்ன செய்வது என்று திங்கட்கிழமை மூவரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம், இந்த முறை வாடகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வெட் சென்டருக்கு நானும் கூடப் போனேன். வாசல் வரை.

ஜேஎஸ்டியை வாங்கிப் பார்த்தோம். அவர் படையில் மருத்துவ உதவியாளராக இருந்திருக்கிறார். இவ்வளவு நாளாக என் பட்டியலில் இருக்கிறார், அதை நான் அறியவில்லை. இரண்டு பாடத்துக்கு கிரெடிட் கிடைக்கும் என்று சுகாதாரத் துறையில் சொல்லியிருக்கிறார்கள்.

வசந்த செமஸ்டர் பதிவு அடுத்த வாரம் தொடங்குகிறது. புள்ளியியலைத் திரும்ப எடுக்கிறேன் என்றார். எந்தப் பிரிவு என்று நான் திரையைத் திறப்பதற்குள், "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மேடம்" என்று அவராகவே சொன்னார்.